புள்ளி வைத்த சொற்கள்

யாழ்ப்பாண நகரில் ஒரு தனியார் அலுவலகத்தில் மின்னஞ்சலில் வரும் குப்பைகளைத் தடுப்பது என் வேலை. எங்கள் பக்கத்துக்கு வரும் குப்பையில் பாதி கனடா விசா. மோசடிக்காரன் அதை நேராக எழுதமாட்டான். 'க.ன.டா வி.சா' என்று எழுத்துக்கு எழுத்து புள்ளி வைப்பான். மனிதன் வாசித்துவிடுவான், கணினி ஏமாந்துவிடும் என்ற நினைப்பு. நான் சும்மா விடுவேனா? எந்தச் சொல்லாக இருந்தாலும் சரி, எழுத்துக்கு நடுவே புள்ளி புள்ளியாக வந்தால் குப்பையில் போடு என்று விதி எழுதினேன். ஒளிக்கிறவன் கள்ளன், அவ்வளவுதான் அதன் புத்தி. இப்படியான விதிகள்தான் எல்லா ஊரிலும் ஓடுகின்றன.

போன மாதம் உரும்பிராயில் இருக்கும் அக்கா கூப்பிட்டாள். "தம்பி, வெளிநாட்டுக்கு எத்தினை மெயில் போட்டன். ஒரு பதிலும் இல்லை. ஒருக்கா வந்து பார்."

அது அவளுடைய மகனைப் பற்றியது. யுத்தம் முடிந்தபோது, சரணடைகிறவர்களை விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம் என்று இராணுவத்தினர் சொன்னார்கள். அக்கா தன் கையாலேயே அவனை பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். அவன் திரும்பி வரவில்லை. இப்போது வெளிநாட்டு அமைப்பொன்று தாய்மாரின் வாக்குமூலங்களைச் சேர்க்கிறதென்று கேள்விப்பட்டு எழுதியிருக்கிறாள்.

அவளுடைய போனில் மெயிலைத் திறந்தேன். 'ச.ர.ண.டை.ந்.தா.ன்.' 'கா.ணா.ம.ல்.' நெடுகப் புள்ளி. இந்தச் சொற்களை முழுதாக எழுதினால் வலைத்தளங்களில் பதிவைத் தூக்கிவிடுவார்கள், வீட்டுக்கும் விசாரிக்க இராணுவத்தின் ஆள் வரும் என்று பயந்து பயந்து எங்கள் சனம் பழகிய எழுத்து அது.

அதை என் அலுவலக முகவரிக்கு அனுப்பிப் பார்த்தேன். வந்து சேரவில்லை. தேடினால், கனடா விசாக்காரனுக்குப் பக்கத்தில் குப்பைக்குள் கிடந்தது. மகனைக் கேட்கும் தாயும் கள்ளனும் என் விதிக்கு ஒன்றுதான்.

"புள்ளியளை எடுத்துப்போட்டு நேரை எழுதுங்கோ அக்கா. இல்லாட்டிக் கள்ள மெயில் எண்டு மெசின் எறிஞ்சுபோடும்."

அக்கா என்னையே பார்த்தாள். "நேரை எழுதினா ஆக்கள் வீட்டை வருவினம். புள்ளி வைச்சா மெசின் எறியுது. அப்ப நான் என்னெண்டு தம்பி எழுதுறது?"



அவள் போனை என்னிடமிருந்து வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, புள்ளிகளை ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினாள்.

"வாறவை வரட்டும்," என்றாள். "வந்தா அவையளிட்டையே கேக்கிறன், என்ரை பிள்ளை எங்கையெண்டு."