காது நனையும் வரை

மாரடைப்பு வந்தது சுப்புராமனுக்கு. ஆனால் ஓய்ந்துபோனது என்னவோ அவர் மனைவி பிரபாவதியின் உடம்பு. இதை அவளிடம் சொன்னால் முறைப்பாள். முறைக்கட்டுமே! எதிர்வீட்டுக்காரி நான், சொல்லாமல் இருக்க முடியுமா?

கல்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பில் எல்லா வீடும் ஒரே அச்சு. தொண்ணூற்றேழில் அந்த வரிசையில் அவள் வீடு மட்டும் ஊமையாகிப் போனது. மிக்ஸி ஓடாது. டிவி வாய் திறக்காது. மின்விசிறிகூட ஒன்றாம் நம்பரில்தான் ஊர்ந்தது. சுப்புராமனை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த நாள் முதல் அவர் மூச்சுச் சத்தம் எந்நேரமும் அவள் காதில் விழ வேண்டும். சமையலறையில் நின்றாலும் கழுத்து ஹால் பக்கமே திரும்பியிருக்கும். அவர் தூங்கும்போது அவர் நெஞ்சில் கை வைத்தபடி விழித்துக் கிடப்பாள்.

மனிதர் நன்றாகத் தேறிவிட்டார். வேலைக்கும் போக ஆரம்பித்தார். சவுக்குத் தோப்பு வழியாகக் கடற்கரைக்கு நடை, திரும்பும்போது யாருக்கும் தெரியாமல் ஒரு வாழைக்காய் பஜ்ஜி, கன்னத்தில் பளபளப்பு வேறு. இவளுக்குத்தான் கழுத்து இறுகி, கையைத் தூக்கித் தலை பின்னிக்கொள்ளக்கூட முடியாமல் போயிற்று. எக்ஸ்ரேயில் ஒரு குறையும் இல்லை. மாத்திரையைக் கூட்டக் கூட்ட ரத்த அழுத்தமும் கூடவே ஏறியது.

"நல்லா தூங்குறீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"அவர் நல்லா தூங்குறார் டாக்டர்" என்றாள்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "இப்படியே போனா அடுத்து அட்மிட் ஆகப்போறது நீங்கதாம்மா. கை கால் இழுத்துக்கிட்டா என்ன செய்வீங்க? தண்ணியில மிதந்து பழகுங்க. உடம்பைக் கொஞ்சம் விடுங்க."

அவளைக் கிளப் நீச்சல் குளத்துக்கு நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். மத்தியானம் பெண்களுக்கான நேரம். மதிலுக்கு அந்தப் பக்கம் கடல். காற்றில் உப்பு, தண்ணீரில் சவுக்கு நிழல்கள் மெல்ல நெளிந்துகொண்டிருக்கும். அந்த வெயிலில் எல்லாமே பாதித் தூக்கத்தில் இருப்பதுபோல் தோன்றும். பக்கத்தில் பேசுகிறவர்களின் குரல்கூட எங்கோ தூரத்திலிருந்து மிதந்து வரும். மகன் விஷாலின் பழைய டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு பிரபாவதி நடுங்கி நடுங்கி இறங்கினாள்.

நீச்சல் சொல்லித்தரும் ஜெஸ்ஸி அவள் முதுகுக்கடியில் கை கொடுத்து, "தலையை அப்படியே விடுங்க ஆன்ட்டி, காது நனையட்டும்" என்பாள். காதில் தண்ணீர் பட்டதுதான் தாமதம், பிரபாவதி விசுக்கென்று தலையைத் தூக்கிவிடுவாள். தலை எழுந்தால் இடுப்பு இறங்கும், பின்னாலேயே ஆளும் இறங்குவாள். தினமும் இதே கூத்து.

குளத்தங்கரையைக் கூட்டும் கன்னியம்மா துடைப்பத்தோடு நின்று சிரிப்பாள். "இன்னாம்மா, தண்ணிக்குள்ளகூட கழுத்த நட்டுகினு கீறியே! யார்னா கூப்புடுறாங்களா?"

ஒரு நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. "காதுல தண்ணி போனா செத்தா போயிடுவே?" என்று கத்தினேன்.

"நான் இல்லடி." அவள் குளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கு மிக்ஸியில சட்னி அரைச்சுட்டு இருந்தேன் லதா. அவர் நெஞ்சு வலியில கூப்பிட்டிருப்பார். எனக்குக் கேக்கலை. திரும்பிப் பார்த்தா வேர்த்து விறுவிறுத்துக் கிடக்கிறார்."

பாவி, இத்தனை மாதமாக இதையா தனியாகச் சுமந்தாள்! அவளைத் துவட்டக்கூட விடாமல் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன். காலை ஷிஃப்ட் முடிந்து வந்து ஈசிச்சேரில் சாய்ந்திருந்த சுப்புராமனிடம் போட்டு உடைத்தேன்.

அவர் திருதிருவென்று விழித்தார். "நான் கூப்பிடவே இல்லையே! வாயுன்னு நினைச்சேன். மோர்ல பெருங்காயத்தைக் கரைச்சுக் குடிச்சுட்டுப் பேசாம படுத்தேன். முதல் நாள் பஜ்ஜி தின்னேன், சொன்னா நீ திட்டுவேன்னு..."

"சத்தியமா கூப்பிடலையா?"

"சத்தியமா இல்லை பிரபா. வீட்டுல சத்தம் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்னுல்ல நான் நினைச்சுட்டு இருக்கேன்!"

அவள் போட்டாளே ஒரு கத்தல்! பஜ்ஜிக்கு ஒன்று, பெருங்காயத்துக்கு ஒன்று, வாயை மூடிக்கொண்டு படுத்ததற்கு ஒன்று. கத்திக்கொண்டே அழுதாள். அந்தச் சத்தம் எங்கள் வரிசை முழுக்கக் கேட்டது. எனக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

மறுநாள் மத்தியானம் குளத்தில் அவள் கண்ணை மூடிச் சாய்ந்தாள். காது நனைந்தது. தலை எழவில்லை. ஜெஸ்ஸி சத்தமில்லாமல் கையை எடுத்தாள். பிரபாவதியின் தலைமுடி தண்ணீரில் அவிழ்ந்து பரவியது, காற்று அவளை மெதுவாகத் தள்ளிக்கொண்டு போனது. அவள் தூங்குகிறாளோ என்றுகூட எனக்குச் சந்தேகம்.

வெகுநேரம் கழித்து எழுந்து நின்றாள். முகம் வேறு யாருடையதோ போல் இளகியிருந்தது.

"என்னடி, உள்ளே ஒண்ணுமே கேக்கலையா?" என்று கேட்டேன்.

"கேட்டுதே" என்றாள். "டப் டப்புன்னு ஒரு சத்தம். பழக்க தோஷம், அவரோடதுன்னு நினைச்சு பயந்துட்டேன். என்னோடதுடி."