மண்டிக் கம்ப்யூட்டரின் கட்சி

என் மாமா நைனார்பாளையத்தில் மக்காச்சோள மண்டி வைத்திருக்கிறார். அவர் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறார் என்பது அத்தைக்கே தெரியாது. கரை வேட்டி கட்ட மாட்டார். யார் வந்தாலும் டீ உண்டு. யார் கூட்டத்துக்குக் கூப்பிட்டாலும் அன்றைக்கு வயிற்று வலி வந்துவிடும். எல்லாத் தரப்புச் சோளமும் தன்னிடமே வர வேண்டும், அவ்வளவுதான் அவருடைய அரசியல்.

இப்பேர்ப்பட்டவரின் மண்டிக்குத்தான் நான் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். சென்னைக் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறவள் நான். லீவு நாளில் கை சும்மா இருக்காது. கறுப்புத் திரை, பொத்தான் கிடையாது, படம் கிடையாது. ஆள் பேர், மூட்டை, ஈரப்பதம் என்று டைப் அடித்தால், ஈரத்துக்காக எடையில் பிடிக்கிற கழிவு எவ்வளவு என்று வரிவரியாகப் பதில் வரும். வெறும் எழுத்தை யார் பார்ப்பார்கள் என்று முக்கியமான வரியைச் சிவப்பாக்கினேன். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

அது தேர்தல் நேரம். முதல் நாளே ஒரு பழைய வாடிக்கைக்காரர் திரையைப் பார்த்தார். கறுப்பில் சிவப்பு. மாமாவை ஏற இறங்கப் பார்த்து, எப்போதிலிருந்து அந்தப் பக்கம் என்று கேட்டார். இறக்கிய மூட்டையை மறுபடி ஏற்றிக்கொண்டு சின்னசேலம் மண்டிக்குப் போய்விட்டார். மாமாவுக்கு முகம் செத்துவிட்டது.

"பாப்பா, நீ இன்னா எனக்குக் கணக்குப் போட்டுக் குடுக்கறியா, கொடி ஏத்தறியா?"

பச்சையாக்கினேன். அதற்கும் ஒருவர் முறைத்தார். மஞ்சளுக்கும் நீலத்துக்கும்கூட ஆள் இருந்தது. கல்வராயன் மலையிலிருந்து வண்டி பிடித்து வந்த ஒருவர் மட்டும் நிறத்தைக் கண்டுகொள்ளாமல், எழுத்தைப் பெரிசாகப் போடச் சொன்னார்.

நிறமே வேண்டாம், எடுத்துவிடு என்றார் மாமா. எனக்கு மனசு வரவில்லை. நிறம் வேண்டுமா, என்ன நிறம் என்பதைப் பயன்படுத்துகிறவர் கையில் விட்டுவிடுவதுதான் எங்கள் தொழிலில் மரியாதை. அதையே செய்தேன். கட்டளைக்குக் கடைசியில் நிறத்தின் பெயரை அடித்தால் அந்த நிறம். 'வேண்டாம்' என்று அடித்தால் வெறும் வெள்ளை எழுத்து. அவர் 'வேண்டாம்' அடித்துவிட்டு நிம்மதியாக இருப்பார் என்று நினைத்தேன்.

மாமா என்னைவிடக் கெட்டிக்காரர். வாசலில் டிராக்டர் நிற்கும்போதே ஆளைப் பார்த்து, ஒற்றை விரலால் அவருடைய கட்சி நிறத்தை அடித்துவிடுவார். வருகிறவர்களுக்கு வாயெல்லாம் பல். சின்னசேலம் போனவரும் திரும்பி வந்தார். எனக்கும் குஷி தாங்கவில்லை. முழுப் பெயருக்குப் பதில் ஓர் எழுத்தைத் தட்டினாலே நிறம் மாறும்படி சுருக்கிக் கொடுத்தேன்.

ஒரு நாள் இரண்டு சகலைகள் ஒரே டிராக்டரில் வந்து இறங்கினார்கள். ஆளுக்கொரு கட்சி, எப்போதும் தனித்தனியாக வருகிறவர்கள். பெரியவருடைய நிறம் திரையில் பளிச்சென்று இருக்கும்போது சின்னவர் உள்ளே நுழைந்தார். மாமா மானிட்டர் வயரைப் பிடுங்கினார்.

"கரண்டு போச்சுங்க."

தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் ஃபேனைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

"எங்களுக்குத் தெரியும் மொதலாளி," என்றார் பெரியவர். "வூட்ல சொல்லிச் சிரிச்சிக்கினுதான் இருக்கோம். கலரு கெடக்குது. போன தபா ரெண்டு பேருக்கும் கழிவு ஒண்ணாப் போட்டீங்களா, அதக் காட்டுங்க."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. புரோகிராம் என்னுடையது, அதில் ஈரத்தை அடிப்பது மாமாவின் விரல். அந்த விரல் ஆளுக்குத் தகுந்த நிறத்தை அடித்ததை இத்தனை நாளும் பார்த்திருக்கிறேன். ஈரத்தையும் ஆள் பார்த்து அடித்திருப்பாரோ என்று பயந்துவிட்டேன்.

மாமா வயரைச் சொருகி, 'வேண்டாம்' என்று அடித்தார். இரண்டு பேர் கணக்கும் ஒன்றன் கீழ் ஒன்றாக வெள்ளை எழுத்தில் வந்தது. இருவருக்கும் ஈரம் ஒன்றுதான். கழிவும் ஒன்று. பெரியவர் திரையில் விரல் வைத்துப் படித்தார், சின்னவர் இன்னொரு தடவை படித்தார். மூட்டையை இறக்கச் சொல்லி வெளியே குரல் கொடுத்தார்கள்.

"கணக்கு சரியாத்தான் வச்சிக்கினு இருக்கீங்க," என்றார் பெரியவர். "அப்பறம் இன்னாத்துக்கு இந்தக் கலரெல்லாம்?"

மாமா கொஞ்சமும் யோசிக்காமல் என்னைக் கை காட்டினார்.