ஐயா ஆற்றிய எருக்குவியல்

சூடு நல்லதா, கெட்டதா என்னும் கேள்விக்கு, ஒரே புரட்டாதி மாதத்தில் எங்கள் வீட்டில் இரண்டு விடைகள் வழங்கின. சிறுமியாகிய நான் இரண்டையும் நம்பினேன். ஆகவே பெரிதும் குழம்பினேன்.

எங்கள் தகப்பனாரை நாங்கள் ஐயா என்றே அழைப்போம். அவர் உடுவிலில் ஒரு விவசாயக் கூட்டத்துக்குப் போய்வந்த நாள்முதல், வீட்டுக் குப்பையை எருவாக்கும் புதுமுறை அவரைப் பற்றிக்கொண்டது. பூவரசங்குழை, வாழைச்சருகு, அடுப்புச் சாம்பல், கறிக்கு அரிந்த கழிவு யாவற்றையும் வீட்டுக்குப் பின்னே கோடிப்புறத்தில் அடுக்கடுக்காய்க் குவித்துச் சாணக்கரைசல் தெளித்தார். குவியல் காயவும் கூடாது, ஊறவும் கூடாது. பிழிந்த சீலையின் ஈரமே வேண்டும் என்பார். மழைக்குப் பயந்து மேலே தென்னோலைக் கிடுகும் வேய்ந்தார்.

வேலிக்கு அப்பால் குடியிருந்த பெரியையா, அதாவது ஐயாவின் தமையனார், ஆட்டுப்பட்டி வைத்திருந்தவர். ஆண்டுதோறும் அவருடைய ஆடுகளை எங்கள் தோட்டத்தில் இரவில் அடைத்தே புகையிலைக்கு எருவூட்டுவது வழக்கம். அவ்வருடம் ஐயா பட்டி வேண்டாம் என்றுவிட்டார். பெரியையா வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்தார்.

"என்னடா தம்பி, ஊரெல்லாம் குப்பையைக் கொளுத்துது. நீ அதுக்கு வீடு வேய்ஞ்சு குடிபூர விடுறாய்?"

"பொறுத்துப் பாருங்கோ அண்ணை."

"உது சரிவந்தால் என்ரை ஆடுகளை வித்துப்போட்டு உன்னட்டைப் பாடம் கேக்க வாறன். சரிவராட்டி, புகையிலைக்கு என்னத்தைப் போடப்போறாய்? உன்ரை கதையையோ?"

ஐயா மறுபடி சாணக்கரைசலைத் தெளிக்கத் தொடங்கினார். குவியல்தான் விடை.

விடியற்காலையில் குவியலில் செருகியிருந்த அலவாங்கு என்னும் கடப்பாரையை உருவி, அதன் இரும்பு நுனியை மணிக்கட்டில் வைத்துப் பார்ப்பார். சுட்டால் முகம் மலரும். "நல்லாச் சுடுது பிள்ளை, உயிரோடை இருக்குது!" என்பார். நானும் தொட்டுப் பார்த்து மகிழ்வேன்.

அந்நாளில்தான் என் தம்பிக்கு உடலெங்கும் கொப்புளம் போட்டது. அம்மை நோயாய் அம்மாள் வந்திருக்கிறா என்று அம்மா வாசற் படலையில் வேப்பிலை கட்டினார். வீட்டில் தாளிதம் நின்றது. இளநீரும் மோருமே புழங்கின. தம்பியின் நெற்றியைத் தொட்டு, "சுடுது" என்று அம்மா அழுதார். சற்று முன்னர் அதே சொல்லைச் சொல்லி ஐயா சிரித்ததைக் கேட்ட எனக்கு, அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

அம்மா பல இரவுகள் கண் மூடவில்லை. ஒருநாள் ஐயாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"இஞ்சருங்கோ, அம்மாள் வீட்டுக்குள்ளை குளிர்மை கேக்கிறா. நீங்கள் கோடிக்குள்ளை சூடு வளர்க்கிறியள். அதை ஆத்திவிடுங்கோ."

"அது கெட்ட சூடில்லையப்பா. பழுக்கிற சூடு."

"எனக்கு உந்தப் படிப்பு விளங்காது. பிள்ளைதான் வேணும்."

ஐயா எழுந்து போனார். கிணற்றுத் துலா கிறீச்சிடும் ஒலி கேட்டு ஓடினேன். கிடுகுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, அவர் பனையோலைப் பட்டை பட்டையாய்த் தண்ணீர் இறைத்துக் குவியலின் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தார். புஸ்ஸென்று ஆவி எழுந்தது.

"ஐயா, நனையக்கூடாது எண்டு சொன்னியளே!"

அவர் அலவாங்கை உருவி மணிக்கட்டில் வைத்தார். "போய்க் கொம்மாட்டைச் சொல்லு, ஆறீட்டுது எண்டு."

சொன்னேன். அம்மா தம்பிக்கு அருகில் சாய்ந்தவர், அப்படியே உறங்கிப்போனார்.

தம்பி தேறினான். தலைக்கு நீரும் வார்த்தாயிற்று. குவியலோ கறுத்துச் சேறாகி நாறியது. பெரியையா மூக்கைப் பொத்தியபடி வந்தார்.

"ஏனடா உப்பிடி நாறுது?"

"என்ரை பிழை அண்ணை. தண்ணியின்ரை அளவு தெரியாமல் விட்டிட்டன்."

அளவு தெரியாமலா! மறுத்துரைக்க வாயைத் திறந்தேன்; ஐயாவின் பார்வை அதை மூடிற்று. பெரியையா இன்னும் படலையில் தொங்கிய காய்ந்த வேப்பிலையைப் பார்த்தார். பிறகு ஐயாவைப் பார்த்தார். வரப்போகும் கேலிக்காக நான் காத்து நின்றேன். அவர் திரும்பித் தம் ஆட்டுப்பட்டிப் பக்கம் நடந்தார். அன்று பொழுதுபட அவருடைய ஆடுகள் தாமாகவே வழி தெரிந்தவைபோல் எங்கள் தோட்டத்துக்குள் வந்தன.

அடுத்த ஆவணியில் ஒருநாள், பள்ளிவிட்டு வந்த நான் திகைத்து நின்றேன். பழைய இடத்தில் புதுக்குவியல் எழுந்திருந்தது. அம்மா நிலத்தில் அமர்ந்து அதற்குக் கிடுகு பின்னிக்கொண்டிருந்தார்.

"ஏனம்மா இது?"

"மழை பெய்தால் நனைஞ்சு பழுதாப்போகும், பிள்ளை. ஐயா பாவம்."

"அப்பிடியெண்டால் போன வரியம் ஏன்..." என்று நான் தொடங்குமுன், சாணம் கரைக்கத் தண்ணீர் கொண்டுவரும்படி ஐயா என்னை விரட்டினார். திரும்பிப் பார்த்தேன். அம்மா கிடுகைப் பார்த்தும், ஐயா அலவாங்கைப் பார்த்தும் சிரித்துக்கொண்டிருந்தனர். கிடுகிலும் அலவாங்கிலும் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்பது, கிணற்றடிவரை யோசித்தும் எனக்கு விளங்கவில்லை.