கூட்டம் முடியட்டும்

என் தங்கை அயர்லாந்தில் ஒரு மாவட்டக் கவுன்சிலுக்குத் தலைவியாகப் போகிறாள் என்று தெரிந்த அன்று, முதலில் நான் செய்தது கிண்டல்தான். "உன் ஊர்ல ஆடும் மாடும்தான் இருக்கு. லிஃப்ட் ரிப்பேர் இல்ல, புறா எச்சம் இல்ல. அப்புறம் என்னலா கவுன்சில்?" என்றேன். நான் இங்கே அடுக்குமாடி வீடுகளைப் பராமரிக்கும் ஒரு நகர மன்றத்தின் புகார் கவுண்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். கவுன்சில் என்றால் எனக்கு நின்றுபோன லிஃப்டும் வாசலை அடைத்த செருப்பு அலமாரியும்தான்.

"இங்க பஸ்ஸே இல்லக்கா. அதுக்குத்தான் கவுன்சில்" என்றாள்.

நர்ஸ் வேலைக்குப் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். மலையும் வயலுமான அந்த மாவட்டத்தில் பாதி வீடுகளுக்கு அவள் கையால் ஊசி போயிருக்கும். அதனால்தான் ஓட்டும் விழுந்தது என்பது என் கணக்கு. பதவி ஒரு வருஷத்துக்கு. ஆண்டுக் கூட்டத்தில் தேர்ந்தெடுப்பார்கள், கழுத்தில் சங்கிலி போடுவார்கள், அவள் தன் திட்டங்களைச் சொல்லிப் பேசுவாள்.

அம்மா இங்கே பூன் லேயில் என் வீட்டில்தான் இருந்தார். செய்தி கேட்டதும் என்னை இழுத்துக்கொண்டு சிராங்கூன் ரோட்டுப் புடவைக் கடைகளுக்குப் போனார். நாலு கடை ஏறி இறங்கி, கடைக்காரரை ஒருவழியாக்கி, கரும்பச்சையில் ஒரு பட்டுப்புடவை எடுத்து அனுப்பினார். அன்று எம்ஆர்டி ரயில் நிலையப் படியில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினார். வெயில் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் கால் இரண்டும் வீங்கிவிட்டன. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இதயம் தளர்ந்துவிட்டது, நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, வெளிநாட்டில் பிள்ளைகள் இருந்தால் சொல்லிவிடுங்கள் என்றார் டாக்டர். கூட்டத்துக்கு எட்டு நாள் இருந்தது.

"கூட்டம் முடியட்டும்" என்றார் அம்மா. "நல்ல காரியத்துக்குப் போறவ கண்ணக் கசக்கிட்டுப் போகக் கூடாது."

எங்கள் வீட்டு வழக்கம் அது. அப்பாவுக்கு மாரடைப்பு வந்தபோது தங்கைக்கு நர்சிங் பரீட்சை. கடைசிப் பேப்பர் எழுதி முடித்த பிறகுதான் அவளுக்குச் சொன்னோம். அப்பா பிழைத்து வந்து, பிறகும் பல வருஷம் இருந்தார். அதனால் நாங்கள் செய்தது சரி என்று எல்லாரும் நம்பிவிட்டோம். இந்த முறையும் நான் மறுபேச்சு பேசவில்லை. அம்மா சொன்னார் என்று இன்று பழியை அவர் மேல் போட முடியாது. நான் அறுபது வயதுக்காரி, எனக்கும் புத்தி இருந்தது.

தங்கை தினமும் போன் செய்தாள். அவள் நர்ஸ். கால் வீக்கம் என்று ஒரு வார்த்தை வாய் தவறி வந்தால் போதும், மீதியை அவளே தெரிந்துகொள்வாள். "அம்மா தூங்குறாங்க", "அம்மா கோயிலுக்குப் போயிருக்காங்க" என்று ஒவ்வொரு நாளும் ஒன்று சொன்னேன். ஒருநாள் அம்மாவே ஆக்சிஜன் குழாயைக் கழற்றிவிட்டு இரண்டு நிமிஷம் பேசினார். "நல்லா இருக்கேன்டி. புடவைக்கு ஃபால்ஸ் தச்சியா?" போனை வைத்தபின் மூச்சு சீராக அரை மணி நேரம் ஆனது.

கூட்டம் அவர்களுக்குக் காலையில், நமக்கு மாலை ஆறு மணிக்கு. வார்டில் கட்டிலைச் சாய்த்து உயர்த்தி, அம்மா மடியில் தலையணை வைத்து, அதன்மேல் டேப்லெட்டை நிறுத்தினேன். பச்சைப் புடவையில் தங்கை எழுந்து நின்றாள். சங்கிலியைப் போட்டார்கள்.

"தங்கமா அது?" என்றார் அம்மா.

"கவுன்சில் நகைம்மா. வருஷம் முடிஞ்சா திருப்பிக் குடுக்கணும்."

அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாகப் புரியாது. நான் சொல்லிக்கொண்டே வந்தேன். முதல் காரியம் பஸ். மலைக் கிராமங்களிலிருந்து ஊருக்கு வர தினமும் ஒன்றாவது வேண்டும். இரண்டாவது, வாரிசு எங்கோ இருக்க, பூட்டியே கிடக்கும் வீடுகளைச் சரிசெய்து, வீடில்லாத இளம் குடும்பங்களுக்குக் கொடுப்பது. மூன்றாவதுக்கு வந்தபோது அவள் காகிதத்தைப் பார்க்கவில்லை. தனியாக இருக்கும் முதியவர்களை ஒவ்வொரு வாரமும் ஒருவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். போனில் கேட்டால் எல்லாரும் நன்றாக இருப்பதாகத்தான் சொல்வார்கள், நேரில் போய்ப் பார்த்த நர்ஸ் சொல்கிறேன் என்றாள். கைதட்டினார்கள். இதை மட்டும் நான் அம்மாவுக்குச் சொல்லவில்லை.

"மூணாவது என்ன சொன்னா?" என்றார் அம்மா.

"ரோடு போடப் போறாளாம்."

"ரோடு நல்லது" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

இரண்டு மணி நேரம் கழித்துப் போனில் உண்மையைச் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. மருந்துகளின் பெயரையும் அளவையும் கேட்டாள். கேட்டு முடித்ததும், "கிளம்புறேன்" என்றாள்.

மறுநாள் மதியம், அவள் விமானம் நடுவானில் இருக்கும்போது, அம்மா போய்விட்டார்.

சாங்கி விமான நிலையத்தில் அவள் வெளியே வந்ததும் என் முகத்தைப் பார்த்தே நின்றுவிட்டாள். நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை, ஆனாலும் சொன்னேன். அவளை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தேன். அழுதாள். அழுது முடித்து, மெதுவாகத்தான் கேட்டாள்.

"நான் இல்லாமயே கூட்டம் நடந்திருக்கும்க்கா. யார் தலைவர்னு முன்னாடியே பேசி வெச்சதுதான். பேச்ச அடுத்த மாசம் பேசியிருப்பேன். துணைத்தலைவர் எதுக்கு இருக்காரு?"

இது எனக்குத் தெரியாத விஷயமா? தலைவர் வராத எத்தனையோ கூட்டங்களுக்கு நானே நாற்காலி எடுத்துப் போட்டிருக்கிறேன். எட்டு நாளும் அது என் மண்டையில் உறைக்கவில்லை. வாய்விட்டு மன்னிப்புக் கேட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து திரும்பிப் போனாள். அவள் மாவட்டத்தில் ஒரு வழித்தடத்தில் பஸ் ஓடத் தொடங்கிவிட்டதாம். என்னோடு சண்டை இல்லை. தினமும் போன் செய்கிறாள், அன்பாகத்தான் பேசுகிறாள். எப்படி இருக்கே என்று கேட்பாள். நன்றாக இருக்கிறேன் என்பேன். சரிக்கா என்று வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மாவுக்குப் போன் போட்டு, என் வாசலில் விளக்கு எரிகிறதா, இன்று என்னைக் கண்ணால் பார்த்தாரா என்று கேட்டுக்கொள்கிறாள்.