குமிழி நடுவுக்கு வரட்டும்

விலை கூடிய துவக்கு பயப்படாது என்று நான் நம்பியிருந்தேன். பயப்படப்போவது நான்தான், துவக்கு எதற்குப் பயப்பட வேண்டும் என்ற கேள்வி ஐம்பத்துமூன்று வயதிலும் எனக்குத் தோன்றவில்லை. ரொறன்ரோவுக்கு வெளியே ஒரு துப்பாக்கிக் கடையில், சுவர் முழுக்கச் சாத்தி வைத்திருந்த துவக்குகளில் ஆக உயரத்தில் இருந்ததை நான் கையால் காட்டிக்கொண்டு நிற்க, கடைக்காரர் மேசையில் ஒரு சின்னச் சாமானை எடுத்து வைத்தார். சுண்டுவிரல் நகத்தளவு கண்ணாடிக் குழாய். உள்ளே வெளிர்பச்சைத் தண்ணீர், அதற்குள் ஒரு குமிழி. துவக்கின் மேலிருக்கும் தூரக்கண்ணாடியில் அதைப் பூட்ட வேண்டுமாம். துவக்கு இடமோ வலமோ சரிந்தால் குமிழி காட்டிக்கொடுத்துவிடுமாம். என்னை முன்பு ஒருமுறை காட்டிக்கொடுத்த சாமான் அது.

இந்த வயதில் துவக்குக் கடைக்குள் நான் ஏன் நின்றேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லாம் வாயால் வந்தது. சாமான் அடுக்கும் கிட்டங்கியில் என்னோடு வேலை செய்யும் வெள்ளைக்காரக் கூட்டாளி ஒருவர், தூரத்து இலக்குச் சுடும் சங்கமொன்றில் இருபது வருஷமாகப் பழக்குபவர். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவரிடம் நான், "சண்டை நடந்த ஊரில் வளர்ந்தவன், வெடிச்சத்தத்தை வைத்தே என்ன துவக்கு, எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடுவேன்" என்று அளந்துவிட்டேன். உண்மையில் வெடி கேட்ட நேரங்களில் எனக்குத் தெரிந்திருந்த ஒரே தூரம், நான் நிற்கும் இடத்துக்கும் கட்டிலின் அடிக்கும் இடையிலானது. மனிதர் நம்பிவிட்டார். சங்கத்துக்கு வா என்றார். மறுக்க வெட்கமாக இருந்தது. இரண்டு நாள் பாதுகாப்பு வகுப்பு, சோதனை, அனுமதிப்பத்திரம் வரும்வரை மாதக்கணக்கில் காத்திருப்பு. இவ்வளவுக்குள் ஒரு மனிதனுக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். எனக்கு அனுமதிப்பத்திரம்தான் வந்தது.

கடைக்கும் அவர்தான் கூட வந்தார். உயரத்தில் இருந்த துவக்கைப் பார்த்துச் சிரித்தார். தொடங்குகிறவன் நடுத்தரமான துவக்கே வாங்க வேண்டும், அதைவிடக் கவனமாகத் தூரக்கண்ணாடியைத் தெரிவுசெய்ய வேண்டும், மிச்சக் காசைத் தோட்டாவுக்கும் பழக்கத்துக்கும் ஒதுக்க வேண்டும் என்றார். சிறிய தோட்டா போடும் துவக்கில், உதைப்பும் சத்தமும் குறைவானதில், முதலில் ஒரு பருவம் பழகச் சொன்னார். படுத்த நிலையில் எலும்பு தாங்க வேண்டும், தசை தாங்கக்கூடாது. மூச்சு வெளியேறி முடிகிற இடத்தில் விசையை இழுக்காமல் அழுத்த வேண்டும். ஒவ்வொரு சூட்டையும் குறிப்புப் புத்தகத்தில் எழுத வேண்டும்: தூரம், வெளிச்சம், காற்று, குண்டு பட்ட இடம், படாவிட்டால் காரணம். கடைசியில் அந்தக் குமிழியை என் உள்ளங்கையில் வைத்து, "இதுமட்டும் விலை குறைவு, ஆனால் இதை மறந்தால் மற்றதெல்லாம் வீண்" என்றார்.

அந்தச் சங்கத்தில் சுடப் படிக்கும் முன் இலக்குத் தூக்கப் படிக்க வேண்டும். ஐந்நூறு மீற்றருக்கு அப்பால் ஒரு மண் அணை. அதன் பின்னால் ஆழமான அகழி. அதற்குள் நின்று தாள் இலக்கைக் கயிற்றால் மேலே ஏற்றி, குண்டு விழுந்த ஓட்டையில் குறி வைத்துக் காட்ட வேண்டும். குண்டு தலைக்கு மேலே போகும்போது சாட்டை சொடுக்கியதுபோல ஒரு சத்தம். முதல் சத்தத்தில் நான் அகழியின் அடியில் குப்புறக் கிடந்தேன். காதில் கை, வாய் திறந்தபடி. ஊரில் பழகிய முறைப்படி எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். பக்கத்தில் நின்ற பதினாறு வயதுப் பெண்பிள்ளை என் இலக்கையும் சேர்த்துத் தூக்கிவிட்டு, "விழுந்துவிட்டீர்களா ஐயா?" என்று கேட்டாள். "சப்பாத்துக் கயிறு" என்றேன். அன்று நான் போட்டிருந்த சப்பாத்தில் கயிறு இல்லை.

அணைக்குப் பின்னால் கிடந்தபோதுதான் எனக்கு, ஊரில் காணி அளந்த சேவையர் மிஸ்ஸின் ஞாபகம் வந்தது. ஒருவர் தூரத்தில் கண்ணாடிக்குள் பார்க்க, மறு முனையில் நான் நிற்பது எனக்குப் புதிதல்ல. சுனாமி வந்த அடுத்த வருஷத்திலிருந்து சில வருஷம் என் தொழிலே அதுதான். மிஸ் கருவிக்குப் பின்னால் நிற்பார். நான் நாலு மீற்றர் நீள அளவுகோலைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் நிற்பேன். மிஸ் என்னைவிட ஆறேழு வயது இளையவர். மெலிந்த தேகம். வெயிலில் குடையைக் கருவிக்குப் பிடித்துவிட்டுத் தான் வெளியே நிற்பார். கருவி சூடேறினால் பொய் சொல்லும் என்பார். அளவெண்களைக் குறிக்கும் வயற்புத்தகத்தில் பென்சிலால் எழுதுவார், அழிறப்பர் வைத்திருக்கமாட்டார். பிழையான எண்ணை அழிக்கக்கூடாது, ஒரே ஒரு கோட்டால் வெட்டி மேலே சரியானதை எழுத வேண்டும், வெட்டியதும் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அதுதான் சேவையர் சட்டமாம்.

அந்தக் கருவி பழையது. அதற்குள் பார்த்தால் உலகம் தலைகீழாகத் தெரியும். ஒருநாள் வாவிக்கரையில் ஆமிக்காரர் ஒருவர் முக்காலியையும் குழாயையும் கண்டு துவக்கை நீட்டிக்கொண்டு ஓடி வந்தார். மறு கரையில் கோலோடு நின்ற நான் உடனே இரண்டு கையையும் தூக்கினேன். கோல் கையில் இருந்ததால் அதுவும் வானத்துக்குப் போனது. மிஸ் அசையவில்லை. "வந்து பாருங்க" என்று கையால் காட்டினார். ஆமிக்காரர் குனிந்து பார்த்தார். பார்த்தவர் துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு வயிற்றைப் பிடித்துச் சிரித்தார். "ஏன் அந்த ஆள் தலை கீழே?" என்று உடைந்த தமிழில் கேட்டாராம். மிஸ், "அவர் எப்பவும் அப்பிடித்தான்" என்றாராம். அதற்குப் பிறகு வாவிக்கரைக் காவலரணில் எங்களை ஒருவரும் மறித்ததில்லை. என்னைக் கண்டால் மட்டும் கையைத் தூக்கிக் காட்டுவார்கள்.

சிரிக்க முடியாத வேலையும் இருந்தது. கடலிலிருந்து இருநூறு மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று சட்டம் வந்திருந்தது. வெளியூர்க் குழுவொன்று ஒரு பின்னேரத்துக்குள் வாகனத்தில் வந்து எல்லை காட்டும் மஞ்சள் முளைகளை அடித்துவிட்டுப் போயிருந்தது. எங்கள் ஊர் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிய மணல். பன்னிரண்டு அத்திவாரங்கள் முளைக்குக் கடற்பக்கம் அகப்பட்டன. அதில் ஒன்று என் அக்காவுடையது. அலை அவளுக்கு விட்டுவைத்தது அத்தானையும், ஒரு தோணியையும், கிணற்றையும், அந்த அத்திவாரத்தையும்தான். முளைக்குள் அகப்பட்டவர்களுக்கு, கடலைவிட்டு வெகுதூரம் தள்ளிய செங்கலடிக்கு அப்பால் காணி தருவதாகச் சொன்னார்கள்.

"செங்கலடியில இருந்து பஸ் ஏறியா உங்கட அத்தான் கடலுக்குப் போற?" என்று அக்கா கேட்டாள். "தோணிய என்ன, பஸ்ஸுக்கு மேல போடுறயா?"

மிஸ் அந்த முளைகளை நம்பவில்லை. கடற்கரையில் இரண்டு நாள் நடந்து பார்த்தார். அலை தோண்டிவிட்டுப் போன ஒரு பள்ளத்தில் தண்ணீர் நின்றிருக்கிறது. அவசரத்தில் வந்தவர்கள் அந்தத் தண்ணீரின் விளிம்பைக் கடலின் விளிம்பு என்று எடுத்து அளந்திருக்கிறார்கள். இப்போது மணல் திரும்பி மூடிவிட்டது. மேலிடத்தில் கேட்டு, முழுவதையும் மறுபடி அளக்க மிஸ் அனுமதி எடுத்தார். ஒரே ஒரு தரம்தான் அனுமதி. அதில் பிழை வந்தால் பழைய முளைதான் முளை.

அளக்கப்போன காலையில் அக்கா அத்திவாரத்தில் குந்திக்கொண்டிருந்தாள். நான் கோலோடு வந்ததும் குரலைத் தாழ்த்தினாள். "டேய் தம்பி, நீதானே கோல் புடிக்கிறாய். கொஞ்சம் பாத்துப் புடி மனே."

நாடா இழுக்க முடியாதபடி இடிபாடும் கிணறும் முள்ளும். ஆகவே மிஸ் கடல் விளிம்பில் கருவியை வைத்து, குழாய்க்குள் தெரியும் இரண்டு கோடுகளுக்கு நடுவில் என் கோலின் எவ்வளவு பகுதி தெரிகிறது என்பதை வைத்துத் தூரத்தைக் கணித்தார். கோல் சரிந்திருந்தால் அந்தப் பகுதி கூடும், தூரமும் கூடும். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரியாததைச் சொல்கிறேன். சரிப்பது எந்தப் பக்கம்? வீடு கடலைவிட்டுத் தள்ளிப்போக வேண்டுமென்றால் கோலைத் தரைப்பக்கம் சரிக்க வேண்டும் என்றது என் புத்தி. ஆனால் கருவிக்குள் எல்லாம் தலைகீழ் ஆயிற்றே, ஆகவே கடற்பக்கம்தான் சரிக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன். எந்தப் பக்கம் சரித்தாலும் தூரம் கூடத்தான் காட்டும் என்பதைப் பிறகு அறிந்தேன். ஒரு களவுக்கு இவ்வளவு தேவையில்லாத மூளையைச் செலவழித்தவன் எங்கள் ஊரில் என்னைத் தவிர வேறொருவன் இல்லை.

அந்த நேரம் பார்த்து மிஸ் கத்தினார். "அண்ணன், இனிக் கோல மெல்ல முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டுங்க!"

இதை அவர் எப்போதும் சொல்வார். கோயிலில் தீபம் காட்டுவதுபோல ஒரு சடங்கு என்று நினைத்து நானும் எப்போதும் ஆட்டுவேன். ஏனென்று கேட்டதில்லை. பிறகுதான் தெரிந்தது: ஆடும்போது எந்த இடத்தில் எண் ஆகக் குறைகிறதோ அங்கேதான் கோல் நேராக நிற்கிறது, அதுதான் உண்மையான எண். நான் சரித்த இடத்திலேயே நின்று ஒரு சாண் ஆட்டினேன்.

"இன்னும்!"

இன்னொரு சாண்.

"தரப் பக்கம் அண்ணன், தரப் பக்கம்!"

நான் கோலைக் கடற்பக்கமே இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். தூரத்தில் மிஸ் கருவியை விட்டு நிமிர்வது தெரிந்தது. குடையைக் கருவிக்கே விட்டுவிட்டு, அந்த இருநூறு மீற்றர் சுடுமணலையும் நடந்து வந்தார். இவ்வளவு நீளமான இருநூறு மீற்றரை நான் பிறகு எந்தச் சுடுதிடலிலும் கண்டதில்லை. ஓடலாமா என்று யோசித்தேன். ஓடினால் கோலையும் கொண்டு ஓட வேண்டும், அது அரசாங்கத்துச் சொத்து.

வந்தவர் கோலின் பின்பக்கம் பூட்டியிருந்த நீர்மட்டக் கண்ணாடிக் குழாயைப் பார்த்தார். குமிழி கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. பிறகு அத்திவாரத்தில் இருந்த அக்காவைப் பார்த்தார். அக்கா கடலைப் பார்த்தாள்.

"அண்ணன், இந்தக் குமிழி நடுவுக்கு வரட்டும். நான் போய்ப் பாக்கிறன்."

"மிஸ், அது வந்து..."

"மிச்சம் பதினொரு வீடு இரிக்கு. இந்த ஒரு எண்ணு பிசகிச்சிதெண்டா மேலிடத்தில அவ்வளவையும் தள்ளிப்போடுவாங்க. வெயிலும் ஏறுது."

அவ்வளவுதான். திரும்பி நடந்தார். குமிழி நடுவுக்கு வந்தது. அவர் மீண்டும் கத்தினார், நான் ஆட்டினேன், அவர் எழுதினார். அதன்பின் கருவியை அத்திவாரத்திலும் கோலைக் கடலோரத்திலும் மாற்றி வைத்து, அதே தூரத்தை எதிர்ப்பக்கமாகவும் அளந்தார். இரண்டும் ஒத்துப்போயின. பன்னிரண்டு வீட்டுக்கும் அப்படியே. முழுதாக இரண்டு நாள்.

பன்னிரண்டும் இருநூறு மீற்றர்க் கோட்டுக்கு வெளியே, வீடு கட்டலாம் என்ற பக்கத்தில் இருந்தன. அக்காவின் வீடு மூன்றரை மீற்றர் வெளியே. நான் சரித்தாலும் வெளியே, சரிக்காவிட்டாலும் வெளியே. மிஸ் போட்ட படத்தை மேலிடம் ஏற்றுக்கொண்டது, மஞ்சள் முளைகளைப் பிடுங்கினார்கள். வீடு குடிபுகுந்த நாளில் மிஸ் வந்தார். பாற்சோறு தின்றார். வாசல் நிலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "அரை அங்குலம் சரிவு" என்றார். அக்கா எனக்கு ஏசினாள். நிலை பிடித்ததும் நான்தான்.

மிஸ்ஸைப் பற்றி நான் யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. அக்காவின் வீட்டை அளந்த அன்று பின்னேரம் பையைச் சுமந்துகொண்டு சேவையர் கந்தோருக்குப் போகையில் வயற்புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். அக்காவின் வீட்டுக்கு நேரே நான் சரித்த எண் இருந்தது. ஒரே கோட்டால் வெட்டியிருந்தார், நன்றாக வாசிக்கலாம். மேலே சரியான எண். பக்கத்தில், ஏன் வெட்டினேன் என்று காரணம் எழுதும் இடத்தில், ஒரே ஒரு சொல்: காற்று. அந்தப் புத்தகங்களை வருஷக்கணக்காகச் சுமந்தவன் நான். அந்த மனுசி எழுதிய பொய் அது ஒன்றுதான். என் வேலையைக் காப்பாற்ற எழுதியது. நான் நன்றி சொல்லவில்லை, அவரும் அதைப்பற்றிப் பேசவில்லை. சண்டை ஓய்ந்த பிறகு அவருக்கு இடமாற்றம் வந்தது, நான் கனடா வந்தேன். அக்கா அந்த வீட்டில்தான் இருக்கிறாள். நிலை இன்னும் அரை அங்குலம் சரிவுதான்.

ஒரு பருவம் சிறிய துவக்கில் பழகிய பிறகு, போன ஆனி மாதம் முந்நூறு மீற்றரில் முதல்முறை படுத்தேன். நடுத்தரத் துவக்கு, நல்ல கண்ணாடி, அதன் பக்கத்தில் வெளிர்பச்சைக் குமிழி. கூட்டாளி பின்னால் குந்தியிருந்தார். நான் துவக்கை மெல்ல இடமும் வலமும் சரித்து, குமிழி நடுவுக்கு வரும்வரை பார்த்தேன். "யார் பழக்கியது?" என்று கேட்டார். "ஊரில் ஒரு மிஸ்" என்றேன். இந்தமுறை நான் அளக்கவில்லை, ஆனால் அவர் நம்பவில்லை.

பத்துச் சூடு. ஆறு தாளில் பட்டன. மூன்று தாளுக்கு வெளியே மண்ணில் புகுந்தன. ஏழாவது எங்கே போனதென்று அகழியில் நின்றவர்களுக்கும் தெரியவில்லை. குறிப்புப் புத்தகத்தில் அதற்கு நேரே காரணம் எழுத வேண்டும். பக்கத்தில் படுத்திருந்தவர்கள் தவறியதற்கெல்லாம் என்ன எழுதுகிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். நானும் அதையே எழுதினேன்: காற்று.

பிறகு அதை ஒரே கோட்டால் வெட்டினேன், வாசிக்கக்கூடியதாக. மேலே எழுதினேன்: பக்கத்துத் துவக்கு வெடித்தது, பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுத்துவிட்டேன்.

திடலின் ஓரத்தில் காற்றைக் காட்ட ஆறு கொடிகள் நட்டிருந்தார்கள். அன்று காலை முழுக்க ஒன்றும் அசையவில்லை.