பிடி அரிசியும் ஒரு வெள்ளிக்கிழமை உபவாசமும்

கடவுள் என் குடலைப் பிடித்து முறுக்குகிறார் என்று நான் நம்பினேன். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நம்பினேன். ஐம்பத்திரண்டு வயது, கல்லூரிப் படிப்பு, ஊரில் எல்லாரையும் கிண்டல் செய்யும் வாய். இவ்வளவும் இருந்தும் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் சமையலறைத் தரையில் சுருண்டு படுத்து, "ஆண்டவரே, தெரியாம தின்னுட்டேன்" என்று முனகிக்கொண்டிருந்தேன்.

தின்றது வெறும் சோறுதான். யாருடைய அரிசி என்பதில்தான் வில்லங்கம்.

அண்ணன் மகள் கல்யாணத்துக்காக என் மனைவி ஒரு வாரம் முன்னதாகவே பட்டுக்கோட்டைக்குப் போயிருந்தாள். போகும்போது எனக்கு இட்ட கட்டளை ஒன்றுதான்: "மதியம் பக்கத்து வீட்டு பாய்க்கும் சேத்து சமைச்சுக் குடுங்க. மறந்துடாதீங்க." பக்கத்து வீட்டு பாய் ஜவுளிக்கடையை மூடிவிட்டு ஓய்வில் இருப்பவர். அவர் மனைவிக்கு இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை. பெண்கள் வார்டில் ஆண்கள் தங்கக் கூடாது என்பதால் நாகூரிலிருந்து மகள் வந்து ஆஸ்பத்திரியில் இருந்தாள். மகன் துபாயில். பாய்க்கு வெந்நீர் போடக்கூடத் தெரியாது. காலையில் டீக்கடை பன்னும் டீயும், ராத்திரி இரண்டு இட்லி. மதியச் சாப்பாடு என் கையில்.

ஐந்து நாள் ஒழுங்காகவே கொடுத்தேன். அரிசி மூட்டையின் தையலை மட்டும் என்னால் பிரிக்க முடியவில்லை. ஒரு முனையை இழுத்தால் சரசரவென்று அவிழ்ந்துவிடும் என்பார்கள்; நான் இழுத்ததெல்லாம் வேறு முனை. அலமாரியில் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் அரிசி இருந்தது. அதை எடுத்து வடித்தேன். பாதி குழைந்தது, பாதி பல்லை உடைத்தது. கேரியரைத் திருப்பிக் கொடுத்தபோது பாய் சொன்னார்:

"தம்பி, ஒரே சோத்துல கஞ்சியும் இருக்கு, பொரியும் இருக்கு. ரெண்டு வேலை மிச்சம்."

"அது தனிக் கைப்பக்குவம், பாய். கத்துக்குடுக்க மாட்டேன்."

வியாழக்கிழமை மனைவி போன் செய்தாள். பேச்சுவாக்கில் மூட்டைத் தையலைப் பற்றிச் சொன்னேன்.

"இன்னும் பிரிக்கவே இல்லையா? அப்ப எந்த அரிசிய வடிச்சீங்க?"

"அலமாரி டின்னுல இருந்தத."

கல்யாண வீட்டுச் சத்தத்தையும் மீறிக் கத்தினாள்: "ஏங்க, அது பிடி அரிசிங்க!"

எங்களைப் போன்ற லுத்தரன் வீடுகளில், உலைக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனியாகப் போட்டு வைப்பார்கள். சோற்றுக்குப் புழுங்கல், பொங்கலுக்குப் பச்சரிசி, மாவாட்ட இட்லி அரிசி, எல்லாவற்றிலும் ஒரு பிடி. மாத முதல் ஞாயிறு அது காணிக்கையாகக் கோவிலுக்குப் போகும். இருபத்தாறு வருடமாக என் வீட்டில் நடக்கிறது. அந்த டின் எது என்று எனக்குத் தெரியாது. என் பக்தியின் லட்சணம் அப்படி.

"கர்த்தரோட அரிசியத் தின்னீங்களாக்கும்" என்று சிரித்தாள். "மூட்டையப் பிரிச்சு அதே அளவு திருப்பிப் போட்டு வைங்க. முடிஞ்சது கத."

அவளுக்கு முடிந்தது. எனக்கு அரை மணி நேரத்தில் வயிறு வலிக்க ஆரம்பித்தது.

ஞாயிறு பள்ளியில் கேட்ட கதை நினைவுக்கு வந்தது: காணிக்கையில் கொஞ்சத்தை ஒளித்துவைத்து, அப்போஸ்தலர் காலடியில் பொத்தென்று விழுந்து செத்த புருஷனும் பெண்சாதியும். அங்கேயாவது இரண்டு பேரும் சேர்ந்து போனார்கள். இங்கே அவள் பட்டுக்கோட்டையில் அதிரசம் தின்றுகொண்டிருக்கிறாள். விழப்போவது நான் மட்டும். போதாததற்கு, ஒரு பாவமும் அறியாத பாய்க்கும் அதே அரிசியைப் போட்டிருக்கிறேன். ஆண்டவரிடம் விவரத்தைச் சொல்லி பாயை மட்டும் விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. உபவாசம் இருப்பது என்று முடிவெடுத்தேன். அடுப்பே பற்றவைக்கவில்லை. உள் அறையில் கோரைப்பாய் விரித்து முழங்காலில் நின்றேன். என் ஜெபம் கொஞ்சம் சத்தமாகத்தான் இருக்கும். பயம் வேறு சேர்ந்துகொண்டது. முதலில் மன்னிப்பு. பிறகு மூட்டு வலித்ததால் ஒரு தலையணை. பிறகு, சுயநலமாக ஜெபிக்கிறோமோ என்று தோன்றவே, மற்றவர்கள். திருச்சபை, விவசாயிகள், மேட்டூரில் தண்ணீர். கடைசியாகப் பக்கத்து வீடு. பாயின் மனைவி சீக்கிரம் எழுந்து நடக்க வேண்டும் என்றும், தனியாக இருக்கும் பாயை ஆண்டவர் போஷிக்க வேண்டும் என்றும் உருக்கமாகக் கேட்டேன். எனக்கே கண் கலங்கியது.

மூன்று மணி இருக்கும். பக்கத்து வீட்டுக் குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது. ஜெபத்தைக் கெடுக்கிறாரே மனுஷன் என்று எரிச்சலாக வந்தது. மூடச் சொல்லலாம் என்று எழுந்து போனேன்.

கதவு திறந்திருந்தது. ஜும்மாவுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு பாய் சமையலறைச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க வேர்வை. கை நடுங்கியது. தொட்டியில் எங்கள் கேரியர், பாதி கழுவியபடி. "பாய்" என்றேன். என்னைப் பார்த்தார், யாரென்று தெரியவில்லை போலிருந்தது. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர் என்பது தெரியும். சர்க்கரை டப்பாவைத் தேடியெடுத்து, தண்ணீரில் கரைத்து, தலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். விழுங்கினார். ஆட்டோ பிடித்துத் தெருமுனை டாக்டரிடம் கொண்டுபோனேன்.

டாக்டர் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, "மாத்திரை போட்டுட்டு சாப்பிடலையா? இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா ஆளு இல்ல" என்றார். நான் சும்மா இருக்காமல் என் வயிற்றையும் காட்டினேன். என்ன தின்றேன் என்று கேட்டுவிட்டு, எல்லாம் அந்த முந்தாநாள் மீன்குழம்பு செய்த வேலை, என்றார்.

குளுக்கோஸ் ஏறியதும் பாய்க்கு முகம் தெளிந்தது.

"ஏன் பாய், ஒரு குரல் குடுத்திருக்கக் கூடாதா? சுவத்துக்கு அந்தப் பக்கம்தானே இருந்தேன்?"

"வந்தேன் தம்பி. தொழுதுட்டு வந்து, எப்பவும் போல மாத்திரையப் போட்டுட்டு உக்காந்திருந்தேன். உங்களக் காணோம். ரெண்டு மணிக்கு உங்க வாசல் வரைக்கும் வந்தேன். உள்ள ஜெபம் பண்ற சத்தம் கேட்டுச்சு. துவாவுல இருக்கறவரக் கூப்பிடக் கூடாதுல்ல? முடிஞ்சதும் வருவீங்க, அதுக்குள்ள கேரியரக் கழுவி வைப்போம்னு திரும்பிட்டேன்."

நடந்தது இவ்வளவுதான். பாயைப் போஷிக்கும்படி நான் உள்ளே ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். பாய் சோற்றுக்காக என் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வெறும் வயிற்றோடு திரும்பிப் போனார்.