கிழக்காலூட்டு முறை

சங்ககிரியில் காலையில் காரில் ஏறும்போதே அம்மாவும் அப்பாவும் பந்தயத்துக்குப் போகிறவர்களைப் போலத்தான் இருந்தார்கள். முதலில் மேச்சேரி, அம்மாவின் முன்னோர் இருந்த ஊர். பிறகு எருமப்பட்டிப் பக்கம், அப்பாவின் தாத்தா விட்டுவிட்டு வந்த வெள்ளாமைக் காடு. நான்தான் ஓட்டினேன். நாற்பது வருடம் லாரி ஓட்டிய அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, நான் கியர் மாற்றும்போதெல்லாம் உச்சுக்கொட்டிக்கொண்டே வந்தார்.

மேச்சேரியில் அம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை. பழைய வீடு அப்படியே நின்றது. பட்டி நிறைய ஆடுகள். ஒன்றுவிட்ட மாமா வாசலுக்கே ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். சாப்பிட்டுக் கை கழுவும்போது அம்மா அப்பாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுத எனக்குத் தெம்பில்லை.

கல்யாணமான நாள் முதல் அப்பா ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். எருமப்பட்டிப் பக்கத்தில் கிழக்கால் வீட்டுக்காரர் என்று பேர்பெற்ற அவருடைய தாத்தா பாறையை உடைத்துக் கிணறு வெட்டினாராம். அம்மா நம்பியதே இல்லை. "உங்கூட்டுக்காரங்க கெணறு வெட்டுனாங்களோ, இல்ல எட்டித்தான் பார்த்தாங்களோ" என்பாள். அப்பா செய்தித்தாளுக்குள் முகத்தை வைத்துக்கொள்வார். காட்டுவதற்கு அவரிடம் ஒரு கல்கூடக் கிடையாது. எனக்குத்தான் அம்மா மேல் ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

எருமப்பட்டியைத் தாண்டியதும் வழி குழம்பியது. யாரையாவது கேட்கலாம் என்றேன்.

"லாரிக்காரன் வழி கேக்கறதா, சாமி?" என்றார் அப்பா.

இரண்டு முறை ஒரே கோழிப்பண்ணை வாசலில் போய் நின்றோம். பின்சீட்டில் அம்மா சத்தமில்லாமல் சிரிப்பது கண்ணாடியில் தெரிந்தது. மூன்றாவது முறை நானே காரை நிறுத்தி, வெங்காயக் காட்டில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் போனேன். அப்பாவும் அம்மாவும் பின்னாலேயே வந்தார்கள்.

"ஏனுங்க, இந்தப் பக்கம் கெழக்காலூடுன்னு முன்னால சொல்லுவாங்களே, தெரியுங்களா?" அப்பாவின் குரல் இவ்வளவு தணிந்து நான் கேட்டதில்லை.

அந்தப் பெண் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தாள். "ஊடு எப்பவோ இடிஞ்சு போச்சுங்க. காட்டை எங்க மாமனார்தான் வாங்குனாரு. கெணறு மட்டும் அதேதானுங்க. நாலு பங்கு அதுல, நாளுக்கு ஒருத்தர்னு மொற வெச்சுத் தண்ணி பாய்ச்சறோம். எங்க மொறைக்கு இன்னும் கெழக்காலூட்டு மொறைன்னுதான் பேரு. வெட்டுனவங்க பேரை மாத்தலாமுங்களா? இன்னைக்கு அந்த மொறதானுங்க ஓடுது."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கோழிப்பண்ணை வரைக்கும் கேட்கும்படி கத்த வேண்டும்போல் இருந்தது. அப்பா அம்மாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றினார், வேட்டியை மடித்துக் கட்டினார். "ஒரு மடை நான் திருப்பட்டுங்களா?" என்று மண்வெட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

சேலம் முதல் டெல்லி வரை லாரி ஓட்டியவர்தான். ஆனால் ஒருநாளும் தண்ணீர் கட்டியவர் இல்லை. பாத்தியின் மடையை விட்டுவிட்டு வாய்க்காலின் வெளிக்கரையை வெட்டிவிட்டார். தண்ணீர் சலசலவென்று பக்கத்துக் காட்டுக்குள் இறங்கியது. அப்பா காலை வைத்து அடைக்கப் பார்த்தார். கால்தான் சேற்றில் புதைந்தது.

அம்மா இனி சும்மா விடமாட்டாள் என்று நினைத்தேன். மேச்சேரியில் தொடங்கி அவள் ஆரம்பிக்கப் போவதைக் கேட்க மனதைத் தயார்செய்துகொண்டேன். அவளோ புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினாள். அப்பாவின் கையிலிருந்து மண்வெட்டியைப் பிடுங்கி, இரண்டு வெட்டு மண்ணெடுத்துப் போட்டு உடைப்பை அடைத்தாள்.

"ஏனுங்க, என்ன வேலை பண்றீங்க? நம்மூட்டு மொறத் தண்ணிங்க, அடுத்த காட்டுக்கு உடலாமா?"